குளிர்ந்தது என்பது சான்று ஆகாது

பேக்கேஜ் ஏசி என்று சந்தையில் சொல்லப்படுவது 5.5 டன், 8.5 டன், 11 டன், 16.5 டன் போன்ற அளவுகளில் வரும், டக்ட் வழியே காற்றைக் கூடமெங்கும் செலுத்தும் குளிர்பதன இயந்திரம். கம்ப்ரசரும் கண்டென்சரும் பெரும்பாலும் மாடியில் நிற்கும். குளிர்ச்சுருளும் ஃபேனும் சீலிங்குக்கு மேலேயோ தனி அறையிலோ இருக்கும். இரண்டையும் காப்பர் பைப் இணைக்கும். பாலாற்றை ஒட்டி வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் வட்டாரத்தில் ஷூ கம்பெனியின் தையல் கூடம், பதனிட்ட தோலை அடுக்கும் கிடங்கு, சாம்பிள் அறை, தோலின் வலுவைச் சோதிக்கும் ஆய்வகம், வெளிநாட்டு வாடிக்கையாளர் வந்து அமரும் ஷோரூம் என்று இதற்கு வேலை கொடுக்கும் இடங்கள் பல.

இந்த மெஷினைப் பொருத்தி ஓடவிடும் வேலையில் ஒரு கருத்து வேரூன்றியிருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் கம்ப்ரசர் ஓட வேண்டும்; கிரில்லுக்குக் கீழே கையை நீட்டினால் ஜில்லென்று காற்று வர வேண்டும்; வந்துவிட்டால் கமிஷனிங் முடிந்தது, ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போடலாம் என்பதே அது. முதலாளியும் ஒப்பந்தக்காரரும் மெக்கானிக்கும் இதில் ஒரே மனதாக இருக்கிறார்கள். இதற்கு ஒரு நியாயமும் சொல்லப்படுகிறது: ஏசி வாங்குவது குளிருக்காக, குளிர் வந்துவிட்டது, அதற்குமேல் அளந்து பார்ப்பதெல்லாம் புத்தகப் படிப்பு. வீட்டு ஏசியை மாட்டிப் பழகிய கை அப்படித்தான் நினைக்கும். ஆனால் இந்தக் கருத்து தவறு. கையில் படும் குளிர் மெஷினின் நலத்தைக் காட்டாததோடு நில்லாமல், சில நேரங்களில் கோளாறையே நலம் என்று காட்டிவிடுகிறது.

இதற்கு முதல் சான்று காற்றின் அளவு. ஒரு டன்னுக்கு நிமிடத்துக்கு 400 கன அடி காற்று என்பது இந்தத் துறையின் பொதுக்கணக்கு. அதன்படி 11 டன் மெஷினின் குளிர்ச்சுருள்மேல் 4,400 கன அடி போக வேண்டும். கூடத்திலிருந்து 24 டிகிரியில் திரும்பும் காற்று 13 டிகிரியில் வெளியேறுகிறது என்று கொண்டால், காற்றின் வெப்பத்தைத் தணிப்பதில் மட்டும் அந்த மெஷின் ஏறத்தாழ 27 கிலோவாட் வேலை செய்கிறது. இப்போது டக்ட் குறுகிவிட்டது, வளைவுகள் கூடிவிட்டன, ஃபேனின் பெல்ட் தளர்ந்திருக்கிறது. காற்று 2,600 கன அடியாகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காற்று மெதுவாகப் போவதால் சுருளில் கூடுதலாகக் குளிர்ந்து 9 டிகிரியில் வரலாம். அப்போது மெஷின் செய்யும் வேலை 22 கிலோவாட்தான். ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. கிரில்லுக்குக் கீழே நீட்டிய கைக்கோ முன்னைவிட நான்கு டிகிரி கூடுதலான குளிர். அங்கே நிற்பவர் 'சூப்பரா கூலிங் வருது' என்றுதான் சொல்வார். குறை கூடக்கூட மதிப்பெண்ணும் கூடும் சோதனையைச் சோதனை என்று ஏற்க முடியாது.

குறைந்த காற்றின் விளைவு அதோடு நிற்பதில்லை. சுருளின் மேல் பனி பிடிக்கும். பனி காற்றை இன்னும் அடைக்கும். ஆவியாகாத திரவம் கம்ப்ரசருக்குத் திரும்பி எண்ணெயைக் கழுவிக்கொண்டு போகும். கூடத்தில் நடப்பது வேறு: மெஷினுக்குப் பக்கத்து வரிசையில் குளிர் நடுக்கும், டக்டின் கடைசி கிரில்லுக்குக் கீழே தைப்பவருக்குக் காற்றே வராது. ஆம்பூரின் தையல் கூடங்களில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எட்டு மணி நேரம் தலைகுனிந்து ஷூவின் மேற்பாகமான அப்பரைத் தைக்கும் பெண்ணுக்கு மே மாதத்தில் காற்று கிடைப்பதும் கிடைக்காததும், கமிஷனிங் நாளில் ஒருவர் காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டரோடு ஒவ்வொரு கிரில்லாகப் போய், காற்றைக் கூட்டிக் குறைக்கும் டேம்பரைத் திருப்பி அளவைச் சமன்செய்தாரா என்பதைப் பொறுத்தது. அந்தக் கருவி விலை அதிகமானதும் அன்று. தொழிற்சாலையில் சோதித்து அனுப்பிய ஃபேன்தானே என்ற வாதமும் எடுபடாது. இந்தக் கூடத்தின் டக்ட் எத்தனை அடி நீளம், எத்தனை வளைவு என்று மெஷின் செய்த கம்பெனிக்குத் தெரியாது. ஃபேனின் வேகத்தை டக்டுக்கு ஏற்றபடி மாற்றுவதற்காகத்தான் பல மெஷின்களில் அதன் புல்லியைச் சரிசெய்யும்படி வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது பைப்பு வேலை. கண்ணுக்குத் தெரியாத கேடு அதிகம் நடப்பது இங்கேதான். கேஸ் நிரப்பித் தொழிற்சாலையிலேயே மூடி வரும் ஒற்றை உடல் மெஷின்கள் உண்டு. அவற்றில் இந்த வேலை குறைவு. நம் ஊரில் பரவலாகப் பொருத்தப்படுவதோ இரண்டாகப் பிரிந்த வகை. இடையே ஓடும் காப்பர் பைப்பை வெட்டி, வளைத்து, பிரேசிங் செய்து சேர்ப்பது ஆம்பூர் மாடியில் நடக்கும் வேலை. பிரேசிங் செய்யும்போது பைப்புக்குள் நைட்ரஜனை மெல்ல ஓடவிட வேண்டும். விடாவிட்டால் சூட்டில் காப்பரின் உட்புறம் கருத்து, செதிலாகி, பிறகு உதிர்ந்து எக்ஸ்பான்ஷன் வால்வின் வாயை அடைக்கும். முதல் நாளில் அந்தச் செதில் உதிர்ந்திருக்காது. குளிர் வரும்; தாளில் கையெழுத்தும் விழும்.

பிறகு அழுத்தச் சோதனை. உலர் நைட்ரஜனை ஏற்றி, தயாரிப்பாளர் சொன்ன அழுத்தத்தில் 24 மணி நேரம் நிறுத்திப் பார்ப்பது நல்ல வழக்கம். இதில் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். பகல் இரண்டு மணிக்கு 38 டிகிரியில் 400 பிஎஸ்ஐ ஏற்றியிருந்தால், விடியற்காலை 25 டிகிரியில் கேஜ் சுமார் 17 பிஎஸ்ஐ குறைத்துக் காட்டும். அது லீக் அன்று, வாயு குளிர்ந்ததால் வந்த குறைவு. அதே கணக்கு தெரிந்தவர்தான், 30 குறைந்திருந்தால் அதில் 13 லீக்கில் போனது என்று சொல்ல முடியும். வெப்பநிலையைக் குறிக்காமல் அழுத்தத்தை மட்டும் எழுதிவைத்த தாளால் பயன் இல்லை.

பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுக்கும் வேக்கம் வேலையில்தான் பரவலான தவறு. 'பம்பை அரை மணி நேரம் ஓட விட்டாச்சு, முள்ளு கீழே போயிடுச்சு' என்பது வழக்கமான பதில். வேக்கத்தின் அழுத்தத்தை மைக்ரான் என்ற அலகில் அளப்பார்கள். கேஸ் ஏற்றும் கேஜின் முள் 5,000 மைக்ரானிலும் அடிமட்டத்தில்தான் நிற்கும். 500 மைக்ரானிலும் அங்கேதான் நிற்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடோ மிகப் பெரிது. 30 டிகிரியில் தண்ணீர் ஆவியாகக் கொதிக்க அழுத்தம் சுமார் 32,000 மைக்ரானுக்குக் கீழே இறங்க வேண்டும். பைப்பின் குளிர்ந்த மூலைகளிலும் எண்ணெய்க்குள்ளும் ஒட்டியிருக்கும் ஈரத்தை முழுதாக இழுக்க 500 மைக்ரான் வரை போக வேண்டும் என்பதே துறையில் ஏற்றுக்கொண்ட அளவு. அதைக் காட்ட மைக்ரான் கேஜ் என்ற தனிக்கருவி வேண்டும். பம்பை நிறுத்திய பின் அளவு 500ஐ வெகுவாகத் தாண்டி ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக் இருக்கிறது. இந்தச் சோதனைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

பழைய ஆர்-22 காலத்தில் இந்த அலட்சியம் ஓரளவு தப்பித்தது. அப்போது கம்ப்ரசரில் இருந்த கனிம எண்ணெய் ஈரத்தை அதிகம் உறிஞ்சாது. ஓசோன் படலத்தைக் காக்க ஆர்-22 படிப்படியாக விலக்கப்பட்டு, இந்தியாவில் புதிய கருவிகளில் அதன் பயன்பாட்டுக்கு 2024 இறுதியோடு முடிவு கட்டப்பட்டது. அதன் இடத்தில் வந்த ஆர்-410ஏ, ஆர்-32 ஆகியவற்றோடு பெரும்பாலும் செயற்கை எஸ்டர் எண்ணெய் ஓடுகிறது. அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். அமிலம் கம்ப்ரசர் மோட்டாரின் கம்பிச்சுருளை அரிக்கும். ஆர்-410ஏ-யின் அழுத்தம் ஆர்-22ஐவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். பழைய கேஜையும் பழைய பழக்கத்தையும் வைத்துக்கொண்டு புதிய கேஸைக் கையாள்வது ஆபத்து. கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு உள்ளே இருக்கும் காற்றைத் தள்ளும் முறை இன்னும் சில இடங்களில் நடக்கிறது. ஒரு கிலோ ஆர்-410ஏ வெளியேறினால் ஏறக்குறைய 2,088 கிலோ கரியமில வாயு வெளியேறியதற்குச் சமமான வெப்பம் பூமியில் தங்கும். ஆர்-32 எளிதில் பரவாவிட்டாலும் தீப்பிடிக்கக்கூடியது. கரைப்பானின் ஆவி நிறைந்த ஷூ கம்பெனியில் அதைத் திறந்துவிடுவதை யாராலும் நியாயப்படுத்த முடியாது.

கேஸின் அளவைக் கணிப்பதிலும் கையும் கண்ணும்தான் இன்று கருவி. சக்‌ஷன் பைப் வியர்த்தால் கேஸ் ஃபுல் என்பார்கள். பைப் வியர்ப்பதற்கு அதன் மேற்பரப்பு அன்றைய காற்றின் பனிநிலையைவிடக் குளிர்ந்திருந்தால் போதும். ஐப்பசியில் குறைவான கேஸிலும் வியர்க்கும்; வறண்ட மார்ச் பகலில் சரியான கேஸிலும் வியர்க்காமல் இருக்கலாம். அளவுகளே உண்மையைச் சொல்லும். ஆர்-410ஏ மெஷினில் சக்‌ஷன் அழுத்தம் 118 பிஎஸ்ஐ என்றால் கேஸ் உள்ளே சுமார் 4.5 டிகிரியில் கொதிக்கிறது. பைப்பின்மேல் வைத்த வெப்பமானி 10 அல்லது 11 காட்டினால் ஆறு டிகிரி சூப்பர்ஹீட் இருக்கிறது; திரவம் கம்ப்ரசருக்குத் திரும்பவில்லை என்று நம்பலாம். கண்டென்சர் பக்கத்தில் 418 பிஎஸ்ஐ என்றால் கேஸ் 49 டிகிரியில் திரவமாகிறது. திரவப் பைப் 43 டிகிரியில் இருந்தால் சப்கூலிங்கும் ஆறு டிகிரி. வால்வுக்குக் குமிழியில்லாத திரவம் போகிறது. இந்த இரண்டு எண்ணும் தயாரிப்பாளர் கேட்கும் எல்லைக்குள் இருந்தால்தான் கேஸ் சரி. நான்கு அளவும் இரண்டு கழித்தலும்தான் இதற்கு வேண்டும்; ஐடிஐயில் குளிர்பதன மெக்கானிக் படிப்பை முடித்து வரும் எந்த இளைஞனும் செய்துவிடுவான். அவனிடம் யாரும் அதைக் கேட்பதில்லை.

டன்னைக் கூட்டிப் போட்டால் எல்லாக் குறையும் மறைந்துவிடும் என்பது மேலே சொன்ன கருத்தின் இன்னொரு முகம். 100 சதுர அடிக்கு ஒரு டன் என்ற வாய்க்கணக்கைச் சொல்லி, அதற்குமேல் ஒரு மெஷினையும் சேர்ப்பார்கள். ஒரே பரப்புள்ள இரண்டு கூடங்களை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றில் தகரக் கூரை, நெருக்கமாக உட்கார்ந்த தொழிலாளர்கள், சூடேற்றி வேலை செய்யும் லாஸ்டிங் மெஷின்கள், ஹீட் செட்டர்கள். இன்னொன்றில் கான்கிரீட் கூரை, அடுக்கிய தோல், இரண்டே ஆள். உட்கார்ந்து வேலை செய்யும் ஓர் உடலே 120, 130 வாட் வெப்பம் விடும். இந்த இரண்டு கூடத்துக்கும் ஒரே டன் என்று சொல்லும் கணக்கு கணக்கே அன்று.

கிடங்கில் டன் கூடினால் விளைவது நேரடியான நட்டம். குளிர்ச்சுருள் காற்றிலிருந்து ஈரத்தை எடுக்க நேரம் வேண்டும். மெஷின் தொடர்ந்து ஓட வேண்டும். தேவைக்கு மேல் பெரிய மெஷின் ஐந்து நிமிடத்தில் கூடத்தைக் குளிரவைத்துவிட்டுக் கம்ப்ரசரை நிறுத்திக்கொள்ளும். ஃபேன் மட்டும் ஓடும். சுருளில் ஒட்டிய தண்ணீர் வடியும் முன்பே மறுபடி காற்றில் ஏறும். அறை 23 டிகிரி காட்டும். ஈரப்பதமானி இருந்தால் அது 75 சதவீதம் காட்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் இது இன்னும் மோசம். தோல் ஈரத்தை உறிஞ்சும் பொருள். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்க வழி திறக்கிறது. பட்டை கொண்டு பதனிட்ட தோலில் அது இன்னும் விரைவு. குளிர்ந்த கிடங்கில்தானே வைத்திருந்தோம் என்று வியப்பவர்கள், அந்தக் குளிரோடு ஈரமும் கூடவே இருந்ததை அளக்காதவர்கள்.

முன்பு இதற்கு ஒரு குறுக்கு வழி இருந்தது. ஷூ பெட்டிக்குள் டைமெத்தில் ஃப்யூமரேட் என்ற பூஞ்சணக்கொல்லிப் பொட்டலத்தைப் போட்டு அனுப்புவார்கள். அது உடலில் பட்டவர்களுக்குக் கடுமையான தோல் ஒவ்வாமை வந்ததால் 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடை செய்தது. ஆம்பூரின் ஷூக்களை வாங்கும் பெரிய சந்தை ஐரோப்பா. அந்தக் கதவு மூடியபின் பூஞ்சணத்தைத் தடுக்கும் பொறுப்பில் பெரும்பங்கு கிடங்கின் காற்றுக்கு வந்துவிட்டது. கப்பலில் வாரக்கணக்கில் பயணம் செய்து மறுகரையில் பெட்டியைத் திறக்கும்போது வெள்ளை படர்ந்திருந்தால், அதற்கான விதை இங்கே பெட்டி கட்டிய நாளிலேயே உள்ளே போயிருக்கக்கூடும்.

ஆய்வகத்தில், குளிர்ந்தால் போதும் என்ற கருத்து இன்னும் வெளிப்படையாகத் தோற்கிறது. தோலின் கிழிவலுவையோ நெகிழ்வையோ சோதிக்குமுன் மாதிரித் துண்டுகளைக் குறித்த காற்றில் வைத்திருக்க வேண்டும் என்று ஐஎஸ்ஓ 2419 சொல்கிறது: 23 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும், அல்லது 20 டிகிரியும் 65 சதவீதமும். சாதாரண பேக்கேஜ் ஏசி ஒன்றை மட்டும் மாட்டி இதைப் பிடித்து நிறுத்த முடியாது. ஈரத்தை இறக்கக் காற்றை நன்றாகக் குளிரவைத்து, பிறகு மீண்டும் சற்றுச் சூடாக்க வேண்டும். வறண்ட மாதத்தில் ஈரம் ஊட்டவும் வேண்டும். ஜில்லென்று இருக்கிறது என்ற சான்றோடு ஒப்படைத்த ஆய்வகத்தில் எடுத்த அளவுக்கும் வாங்குபவரின் ஆய்வகத்து அளவுக்கும் வேறுபாடு வந்தால், குற்றம் தோல்மேல் விழும்.

மாடிக்குப் போனால் வேலூரின் வெயில் காத்திருக்கிறது. ஐஎஸ் 8148 என்ற இந்தியத் தர அளவின்படி இந்த மெஷின்களின் திறனை அளப்பது வெளிக்காற்று 35 டிகிரியில் இருக்கும்போது. பெயர்ப்பலகையில் உள்ள 11 டன் அந்த 35 டிகிரியின் 11 டன். கத்திரி வெயிலில் வேலூர் 40ஐத் தாண்டுவது ஆண்டுதோறும் நடப்பது. தகரக் கூரைமேல், ஆறேழு அவுட்டோர் யூனிட்டை ஒட்டி ஒட்டி நிறுத்தி, ஒன்று துப்பும் சூட்டை இன்னொன்று உள்ளிழுக்கும்படி வைத்தால், கண்டென்சருக்குள் போகும் காற்று 46, 48 டிகிரியாகிவிடும். டிகிரிக்கு ஒரு சதவீதம் என்ற தோராயக் கணக்கில் பார்த்தாலும் பத்தில் ஒரு பங்குத் திறன் போய்விடும். மின்சாரச் செலவு ஏறும். பகல் இரண்டு மணிக்கு ஹை பிரஷர் கட்டாகி மெஷின் நிற்கும். மார்கழியில் பொருத்தி, மார்கழியிலேயே கை வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவருக்கு இது எதுவும் தெரியவந்திருக்காது. அதனால்தான் அன்றைய வெளிவெப்பத்தையும் அன்றைய அழுத்தத்தையும் சேர்த்து எழுதி, 42 டிகிரியில் எப்படி இருக்கும் என்று தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் கோடையில் ஒரு முறை திரும்ப வந்து அளக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம்.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு பகை காற்றில் இருக்கிறது. தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவுநீர் அமிலத்தோடு கலக்கும் இடங்களிலும் கழிவு தேங்கும் இடங்களிலும் ஹைட்ரஜன் சல்பைடு எழும். காப்பர் அந்த வாயுவில் கருத்து அரிபடும். டேனரி எனும் தோல் பதனிடும் ஆலையின் கழிவுத் தொட்டியிலிருந்து காற்று வீசும் திசையில் அவுட்டோர் யூனிட்டை வைத்தால் சுருளின் ஆயுள் குறையும். நீல நிறப் பூச்சுள்ள தகடு இருக்கிறதே என்று விற்பவர் சொல்வார். அந்தப் பூச்சு அலுமினியத் தகட்டுக்கு. ஓரத்தில் வெளியே தெரியும் காப்பர் வளைவுகளுக்கு அது பாதுகாப்பு அன்று. சுருள் முழுவதையும் மூடும் பூச்சைக் கேட்க வேண்டும், அல்லது யூனிட்டை வேறு பக்கம் நகர்த்த வேண்டும். அதேபோல, தண்ணீரில் குளிரும் கண்டென்சர் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்ற அறிவுரையை இந்தப் பகுதியில் அப்படியே ஏற்கக் கூடாது. டேனரிக் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்டதுதான் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்பளிக்கக் காரணம். உப்பும் கடினமும் மிகுந்த அந்த நீரைச் சுத்திகரிக்காமல் கூலிங் டவரில் விட்டால் கண்டென்சர் குழாயில் படிவு ஏறி, மிச்சப்படுத்திய மின்சாரம் திரும்பப் போய்விடும்.

பசை பூசும் பகுதியில் காற்றின் கணக்கு வேறு வகை. ஷூவின் அடிப்பாகத்தை ஒட்டும் பசையில் கரைப்பான் ஆவி எழும். அதை இழுத்து வெளியேற்ற எக்ஸாஸ்ட் ஃபேன்கள் ஓட வேண்டும். அந்த ஃபேன்கள் நிமிடத்துக்கு 3,000 கன அடி வெளியேற்றினால், அதே அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தே தீரும். புதுக்காற்றுக்கு வழி அமைக்காவிட்டால் கதவு இடுக்கிலும் லோடிங் வாசலிலும் 40 டிகிரிக் காற்று நுழையும். குளிர் போதவில்லை என்று எக்ஸாஸ்டை நிறுத்திவிடுவது அடுத்த படி. அப்போது கரைப்பான் ஆவி ரிட்டர்ன் கிரில் வழியே போய், சப்ளை டக்ட் வழியே கூடத்தில் உள்ள எல்லாருடைய மூச்சுக்கும் வந்து சேரும். கிரில்லில் கை வைத்துப் பார்த்தவருக்கு அந்த நாளில் நல்ல குளிர்தான். கமிஷனிங் என்றால் எக்ஸாஸ்ட் எல்லாம் ஓடும் நிலையில், கதவு சாத்திய நிலையில், உள்ளே வருவதும் வெளியே போவதும் எவ்வளவு என்று அளப்பது. தொழிலாளரின் நுரையீரல் சம்பந்தப்பட்ட இந்த ஒரு காரணமே கைச்சோதனையைக் கைவிடப் போதும்.

மின்சாரப் பக்கம் சுருக்கமாகச் சொல்லலாம். ஸ்க்ரால் கம்ப்ரசர் ஒரு திசையில்தான் சுற்ற வேண்டும். மூன்று பேஸின் வரிசை மாறினால் தலைகீழாகச் சுற்றி, இரைச்சலோடு ஓடிக் கெடும். மின்வாரிய இணைப்பில் சரியாகச் சுற்றியது ஜெனரேட்டரிலும் சரியாகச் சுற்றும் என்பதற்கு உறுதி இல்லை. கரண்ட் போன முதல் நாளில்தான் அது தெரியவரும். எனவே இரண்டு மூலத்திலும் ஓட்டிப் பார்த்து, பேஸ் வரிசையைக் காக்கும் ரிலே வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டும். மூன்று பேஸின் வோல்டேஜும் ஆம்பியரும் தாளில் ஏற வேண்டும். எண்ணெயைச் சூடாக வைத்திருக்கும் கிராங்க்கேஸ் ஹீட்டர் உள்ள கம்ப்ரசருக்கு முதல் ஓட்டத்துக்குப் பல மணி நேரம் முன்பே, பெரும்பாலும் முந்தைய நாளே, மின்சாரம் கொடுத்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெயில் கலந்திருக்கும் திரவக் கேஸ் திடீரென்று கொதித்து, எண்ணெய் நுரைத்து, பேரிங்குக்கு மசகு இல்லாமல் போகும். சாயந்திரம் கரண்ட் கொடுத்து இரவே ஓட்டிக் காட்டும் அவசரத்தில் கம்ப்ரசரின் ஆயுளில் ஒரு பகுதி அன்றைக்கே செலவாகிறது.

டிரெயின் பைப்பை யாரும் மெஷினோடு சேர்த்து எண்ணுவதில்லை. சுருளுக்குப் பின்னால் ஃபேன் இருந்து காற்றை இழுக்கும் அமைப்பில், தட்டில் நிற்கும் தண்ணீரையும் அந்த இழுப்பு பிடித்துவைக்கும். இழுப்பின் அளவைவிட ஆழமான வளைவு டிரெயினில் இருந்தால்தான் தண்ணீர் வடியும். வளைவு இல்லாவிட்டால் தட்டு நிரம்பி, சீலிங் நனைந்து, கீழே அடுக்கிய ஃபினிஷ்டு தோலின்மேல் சொட்டும். தண்ணீர்க் கறை பட்ட தோலுக்கு முழு விலை கிடைக்காது. ஃபேன் ஓடும்போது தட்டில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். வறண்ட நாளில் குளிர்காற்றை மட்டும் பார்த்துவிட்டுப் போனவர் இதைப் பார்த்திருக்க மாட்டார்.

மறுதரப்பின் வலுவான வாதம் நேரம். ஷிப்மெண்ட் தேதி கழுத்தை நெரிக்கும்போது மெஷினுக்காகக் கூடத்தை இரண்டு நாள் நிறுத்த முடியுமா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் நைட்ரஜன் ஓரிரவு நிற்கும்போது கூடத்தில் வேலை நடக்கலாம். வேக்கம் பம்ப் மாடியில் ஓடும்போதும் நடக்கலாம். காற்றை அளந்து சமன்செய்வதற்குத்தான் கூடம் தேவை. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கலாம். கம்ப்ரசர் எரிந்து கத்திரி வெயிலில் கூடம் நிற்கும் நாள்களை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்னொரு வாதம் வாரண்டி. கெட்டால் கம்பெனி மாற்றிக் கொடுக்கும் என்கிறார்கள். வாரண்டி கொடுப்பது கம்ப்ரசரை. பூஞ்சணம் பிடித்த தோலையோ திரும்பிவந்த ஆர்டரையோ ஆண்டுமுழுதும் கூடுதலாகக் கட்டிய மின்கட்டணத்தையோ கொடுப்பதில்லை. அதிலும், ஈரமும் அமிலமும் நிறைந்த அதே பைப்பில் புதிய கம்ப்ரசரை மாட்டினால் அதுவும் அதே வழியில் எரியும். இரண்டாவது முறை எரிந்ததும் மெஷினே மோசம் என்று பெயர் வாங்கும். மெஷின்மேல் சொல்லப்படும் இத்தகைய குற்றங்களில் பலவற்றின் வேர் பொருத்திய வாரத்தில்தான் இருக்கும்.

கமிஷனிங் தாள்தான் ஏற்கெனவே இருக்கிறதே என்றும் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அளக்காமல் நிரப்பிய தாளுக்கு மதிப்பு இல்லை. ஆறு மெஷினுக்கும் ஒரே அழுத்தம், ஒரே ஆம்பியர், ஒரே வெப்பநிலை என்று எழுதியிருந்தால் யாரும் கேஜைப் பார்க்கவில்லை என்று பொருள். உண்மையாக அளந்தவை ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்டுத்தான் இருக்கும். மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மைக்ரான் கேஜும் அனிமோமீட்டரும் வாங்கிக் கொடுக்காத ஒப்பந்தக்காரரும், எந்த ஒப்பந்தக்காரர் விலை குறைத்துச் சொன்னார் என்பதை மட்டும் பார்த்து வேலை கொடுத்த முதலாளியும் இந்தப் பழக்கத்தை வளர்த்தவர்கள்.

ஆகவே புதிய பேக்கேஜ் ஏசி வாங்கும் ஒவ்வொரு ஷூ கம்பெனியும் டேனரியும் கொள்முதல் ஆணையிலேயே இவற்றை எழுதிவைக்க வேண்டும்: நைட்ரஜன் அழுத்தமும் அப்போதைய வெப்பநிலையும், பம்பை நிறுத்தியபின் நின்ற மைக்ரான் அளவு, சூப்பர்ஹீட்டும் சப்கூலிங்கும், ஒவ்வொரு கிரில்லிலும் வந்த காற்று, கூடத்தின் ஈரப்பதம், இரண்டு மின்மூலத்திலும் மூன்று பேஸின் ஆம்பியர், டிரெயின் சோதனை. கடைசித் தவணைப் பணம் இந்த எண்களைப் பொறுத்தே போக வேண்டும். அளக்கும்போது கம்பெனியின் எலக்ட்ரீஷியனோ பராமரிப்புப் பொறுப்பாளரோ பக்கத்தில் நின்று, தன் கண்ணால் கேஜைப் பார்த்து எழுத வேண்டும். அதுவரை ஒப்படைப்புத் தாளில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.